‘வரம்பு இல்லை’ என்று போட்டிருந்த பாலிசி

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் உட்கார்ந்தபடியே செல்ஃபோனில் ஒரு சட்டக் காப்பீடு எடுத்தேன். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கோவில்பட்டியிலிருந்து வந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. ஜெர்மனியில் இந்தக் காப்பீட்டுக்கு ரெஹ்ட்ஸ்ஷுட்ஸ் என்று பேர். வழக்கு என்று வந்தால் நம் வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், தோற்றுப்போனால் எதிராளியின் வக்கீல் ஃபீஸ் வரை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். பிரீமியம் மாதம் 27 யூரோ. பாலிசியின் முதல் பக்கத்தில், காப்பீட்டுத் தொகை என்ற வரிக்கு நேராக, ‘ஐரோப்பாவுக்குள் வரம்பு இல்லை’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த நிம்மதியில் மற்ற பக்கங்களைப் படிக்கவே இல்லை.

ஜனவரி 1-ம் தேதி பாலிசி அமலுக்கு வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் மூன்று தடவை அதை எடுத்து நீட்ட வேண்டி வந்தது. முதல் தடவை ‘இல்லை’ என்றார்கள். இரண்டாவது தடவை ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அப்புறம் ‘சரி’ என்றார்கள். மூன்றாவது தடவை ‘இதில் இவ்வளவுதான்’ என்றார்கள். மூன்றுக்கும் பதில், நான் படிக்காத பக்கங்களில் இருந்தது. இங்கே வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் இதே பாலிசியை இதே மாதிரிதான் எடுக்கிறார்கள். அதனால் எண்களோடு எழுதுகிறேன்.

முதலில் வாடகை வீட்டுக் கதை. பிப்ரவரியில் வீடு மாறினேன். பழைய வீட்டுக்குக் கொடுத்திருந்த முன்பணம் 2,400 யூரோ, அதாவது மூன்று மாத வாடகை. இங்கே சட்டப்படி அதற்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. வீட்டுக்காரர் மரத்தரையில் கீறல் இருக்கிறது என்று சொல்லி 1,700 யூரோவைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசை நாற்காலியை மூன்றரை வருடம் இழுத்துப் போட்டால் விழுகிற கீறல்தான் அது. சாதாரணமாகப் புழங்கித் தேய்ந்ததற்குக் குடியிருந்தவர் காசு தர வேண்டியதில்லை என்பதும் சட்டம். நம்மிடம்தான் பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக ஃபோன் செய்தேன். எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் பாலிசியில் வீடு இல்லையே” என்றார்.

புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார். சட்டக் காப்பீடு என்பது ஒரே பாலிசி மாதிரி தெரிந்தாலும், உள்ளே அது தனித்தனிப் பெட்டிகள். சொந்த வாழ்க்கை ஒரு பெட்டி, வேலை ஒன்று, வண்டி வாகனம் ஒன்று, வீடு ஒன்று. எந்தப் பெட்டிக்குக் காசு கட்டுகிறோமோ அதற்கு மட்டும்தான் காப்பு. நான் மாதம் ஐந்து யூரோ மிச்சம் பிடிக்க வீட்டுப் பெட்டியில் டிக் எடுத்துவிட்டிருந்தேன். அதை எடுத்த ஞாபகம்கூட இல்லை. வாடகைக்குக் குடியிருக்கிற ஒருத்திக்கு, வக்கீலைத் தேடிப் போகும் நிலை வந்தால் அது வீட்டாலும் வேலையாலும்தான் வரும் என்று அன்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குக் காசு கட்டியிருந்தாலும் இந்தத் தகராறுக்கு உதவியிருக்காது. வேலை, வீடு இரண்டுக்கும் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. அந்த மூன்று மாதத்துக்குள் முளைத்த தகராறுக்குப் பணம் கிடையாது, எத்தனை வருடம் கழித்து கோர்ட்டுக்குப் போனாலும் கிடையாது. வண்டிக்கு மட்டும் பெரும்பாலும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியில் மீட்டர்ஃபெரைன் என்கிற வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தேன். வருடச் சந்தா கிட்டத்தட்ட 90 யூரோ. சேர்வதற்கு முன்பே தொடங்கிய தகராறுக்கும் அவர்கள் உடனே ஆலோசனை சொன்னார்கள், கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட்டுக்குப் போனால் மட்டும்தான் அங்கேயும் காத்திருப்புக் காலம். அந்த ஒரு கடிதத்துக்கே வீட்டுக்காரர் 1,300 யூரோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். மீதி 400-ஐ நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது வேலை. 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. மதியம் சாப்பிட்டு வந்ததும் மனிதவளப் பிரிவில் கூப்பிட்டார்கள். மேசையில் தண்ணீர் பாட்டில், இரண்டு கண்ணாடித் தம்ளர், ஒரு வெள்ளை உறை. எங்கள் டீமை மூடப்போகிறோம், இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 6,000 யூரோ தருகிறோம், போடாவிட்டால் வேலைநீக்கக் கடிதம் வரும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்பது அந்தத் தாளின் பேர். ‘நாம் இருவரும் மனமொத்து வேலை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம்’ என்ற வாசகம் அதில் இருந்தது. கை நடுங்கியது. பேனாவை எடுத்து என் பக்கமாக அவர்களே நகர்த்தி வைத்தார்கள்.

நல்லவேளையாக, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். எங்கள் ஊரில் ஓர் அண்ணன் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் இங்கே வந்தவர். அன்று மாலை அவருக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன். “ஒரு கடதாசியிலயும் கையெழுத்து வச்சுப்போடாதை பிள்ளை, முதல்ல வக்கீலைப் பார்” என்றார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், வேலையை நானே விட்டதாகக் கணக்கு வைத்து 12 வாரம் வரை வேலையில்லாதோர் உதவித்தொகையை நிறுத்தியிருப்பார்கள். வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையும் போயிருக்கும்.

மறுநாள் இன்சூரன்ஸுக்கு ஃபோன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தவர், “வேலைநீக்கக் கடிதம் இன்னும் வரவில்லையே, வெறும் பேச்சுவார்த்தைதானே நடக்கிறது, அதனால் காப்பீட்டுக்குரிய சம்பவம் இன்னும் நடக்கவில்லை” என்றார். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

வேலைச் சட்டத்தில் தேர்ந்த ஒரு வக்கீலை நானே தேடிப் பிடித்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி தன் பட்டியலில் இருக்கும் வக்கீலைப் பிடித்தால் சொந்தப் பங்கை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை, தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாலிசிதாரருக்கே என்று சட்டம் சொல்கிறது, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. என் வக்கீல் விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு இன்சூரன்ஸுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையை விட்டு நீக்குவோம் என்று மிரட்டுவதே காப்பீட்டுக்குரிய சம்பவம்தான் என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2008 நவம்பர் 19-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கடிதத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டிருந்தார். மறுநாளே டெக்குங்ஸ்சூசாகே வந்தது. ‘இந்த விஷயத்துக்குச் செலவை ஏற்கிறோம்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் தரும் ஒப்புதல்தான் அது. ஃபோனில் சொல்வதை நம்பிச் செலவில் இறங்கக் கூடாது. ஃபோனில் ‘இல்லை’ என்று சொன்னார்கள் என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் கூடாது.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸில் இருந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பாலிசியும் ஜனவரியில்தான் தொடங்கியது. மார்ச் மாதம் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தாமதமாக வருகிறார் என்று. அப்மானுங் என்பார்கள். அதை அவர் மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்துபோனார். செப்டம்பரில் அதே காரணத்தைச் சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். பாலிசி எடுத்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது, காத்திருப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். இன்சூரன்ஸ் கம்பெனியோ தகராறு மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது என்றது. கடைசிக் கடிதம் வந்த தேதியை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. தகராறுக்குக் காரணமான தவறு முதன்முதலில் எப்போது நடந்ததாகச் சொல்கிறார்களோ அந்தத் தேதிதான் கணக்கு. தம்பி சொந்தக் காசில் வழக்கு நடத்தினார். இத்தனை விதிகளில் நம் ஆட்களை அதிகம் அடிப்பது இதுதான் என்பது என் எண்ணம். ஏதோ பிரச்சினை வரும்போல இருக்கிறது என்று வாசனை அடித்த பிறகுதான் நாம் பாலிசியைத் தேடுகிறோம்.

எனக்கு ஜூன் 28-ம் தேதி வேலைநீக்கக் கடிதம் வந்தது. கூரியர் ஆள் கதவுக்குக் கீழே தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தபடியே உறையோடு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன், வக்கீல் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அந்த வேலைநீக்கம் செல்லுபடியாகிவிடும். இன்சூரன்ஸ் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. என் கணக்குக்கு ஜூலை 19 கடைசி நாள். வக்கீல் ஜூலை 6-லேயே போட்டுவிட்டார். அதற்கு முன் வழக்குக்கென்று தனியாக இன்னொரு டெக்குங்ஸ்சூசாகே வாங்கினார். ஜூன் மாதம் வந்தது ஆலோசனைக்கு மட்டும்தானாம்.

வேலை வழக்கில் இன்னொன்றும் உண்டு. தொழிலாளர் நீதிமன்றத்தில் முதல் கட்டத்தில் யார் ஜெயித்தாலும் அவரவர் வக்கீல் ஃபீஸை அவரவர்தான் கட்ட வேண்டும். மற்ற வழக்குகளில் தோற்றவர் கட்டுவார், இங்கே அப்படி இல்லை. அதனால்தான் இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காப்பீடு முக்கியம் என்கிறேன்.

ஆகஸ்ட்டில் சமரச விசாரணை. ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றத்தில் எங்களுக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம். நீதிபதி கோப்பைப் புரட்டினார், டீமை மூடியதாகச் சொல்லிவிட்டு அதே வேலைக்கு வேறு ஊரில் ஆள் எடுக்கிறீர்களே என்று கம்பெனி வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டு தரப்பும் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வக்கீல்களும் பேசினார்கள். 6,000 என்று தொடங்கியது 15,000 யூரோவில் முடிந்தது. அதோடு, நல்ல தரத்தில் வேலைச் சான்றிதழ், லேப்டாப்பை ஒப்படைக்கும் தேதி எல்லாவற்றையும் ஒரே சமரசத் தாளில் எழுதிவிடலாம் என்றார்கள். எனக்குச் சந்தோஷம், சரி சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு 900 யூரோ ஆனது.

எப்படி என்று சொல்கிறேன். வக்கீல் ஃபீஸ் வழக்கின் மதிப்பை வைத்துச் சட்டம் வகுத்த அட்டவணைப்படி வரும். வேலைநீக்க வழக்குக்கு மதிப்பு மூன்று மாதச் சம்பளம். என் சம்பளம் மாதம் 5,000 யூரோ, ஆக மதிப்பு 15,000. கிடைத்த இழப்பீட்டை இதோடு சேர்க்க மாட்டார்கள். 2023-ல் இருந்த அட்டவணைப்படி வழக்கு நடத்தியதற்கு 933.40, விசாரணைக்கு வந்ததற்கு 861.60, சமரசத்துக்கு 718, தபால் செலவு 20, மேலே 19 சதவீத வரி. மொத்தம் 3,014.27 யூரோ. சமரசத்தில் முடிந்ததால் கோர்ட் கட்டணம் இல்லை. ஆனால் சான்றிதழையும் சமரசத்தில் சேர்த்ததால், அதற்கு ஒரு மாதச் சம்பளம் என்று சமரசத்தின் மதிப்பை நீதிமன்றம் 20,000 ஆக வைத்தது. அந்தக் கணக்கில் பில் 3,919.86 ஆகிவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனி கூடுதலான அந்த 905.59-ஐக் கொடுக்க மறுத்தது. சான்றிதழைப் பற்றி இரண்டு தரப்புக்கும் சண்டையே வரவில்லை, சண்டை இல்லாத விஷயத்துக்கு நாங்கள் பொறுப்பு இல்லை, அதற்கு எங்களிடம் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை என்றது. பாலிசியில் அப்படித்தான் எழுதியிருந்தது, 23-ம் பக்கத்தில். அதற்கு மேல் ஒவ்வொரு வழக்குக்கும் என் சொந்தப் பங்கு 150. ஆக நான் கட்டியது 1,055.59 யூரோ. ‘வரம்பு இல்லை’ என்று போட்டிருந்த பாலிசியில்.

நான் ஆட்சேபம் எழுதினேன், மறுபடி மறுத்தார்கள். பெர்லினில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர், அலுவலகம் இருக்கிறது. பாலிசிதாரர்கள் செலவில்லாமல் முறையிடலாம். 10,000 யூரோ வரை அவர் சொல்லும் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். புது வேலை தேடும் அலைச்சலில் அங்கே போகாமல் விட்டுவிட்டேன். போயிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இப்படி இருக்கும் இடங்களில் நீங்கள் போய்க் கேளுங்கள்.

சமரசம் என்ற இடத்தில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. தெரிந்த ஒருவர் பழைய கார் வாங்கி ஏமாந்து 8,000 யூரோ கேட்டு வழக்குப் போட்டார். 6,000 தருகிறேன், அவரவர் செலவு அவரவருக்கு என்று எதிராளி சொன்னதும் ஒப்புக்கொண்டார். கேட்டதில் முக்கால் பங்கு கிடைத்துவிட்டது என்றால் மொத்தச் செலவில் கால் பங்குதான் உங்கள் தலையில் விழுந்திருக்க வேண்டும், நீங்களாக அதிகம் ஏற்றுக்கொண்டதற்கு நாங்கள் தர மாட்டோம் என்று கம்பெனி அவருடைய பில்லில் பாதியைத்தான் கொடுத்தது. அதனால் சமரசத்துக்குத் தலையாட்டுவதற்கு முன், “இதை இன்சூரன்ஸிடம் கேட்டாயிற்றா?” என்று வக்கீலிடம் கேளுங்கள். கோர்ட்டில் நேரம் இல்லை என்றால், சில வாரத்துக்குள் சமரசத்தை ரத்து செய்யும் உரிமையோடு எழுதச் சொல்லலாம். என் வக்கீல் நல்லவர், ஆனால் வழக்கை ஜெயிப்பதுதான் அவர் வேலை. பாலிசியைப் பார்ப்பது நம் வேலை.

வீசா விஷயத்தில் பாலிசி ஒரு பைசா தரவில்லை. நிரந்தர வதிவிட அனுமதிக்கு நான் அதுவரை விண்ணப்பிக்கவில்லை, வேலையை வைத்துத் தரும் ப்ளூ கார்டு என்ற தற்காலிக அனுமதியில்தான் இருந்தேன். வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். என்ன எழுதுவது, எவ்வளவு நாள் இருக்க விடுவார்கள் என்று ஒரு வதிவிடச் சட்ட வக்கீலைப் பார்த்தேன். என் பாலிசியின் விலக்குப் பட்டியலில் வெளிநாட்டவர் சட்டமும் புகலிடச் சட்டமும் சேர்ந்தே இருந்தன. முதல் ஆலோசனைக்குத் தனிநபரிடம் 190 யூரோவும் வரியும்தான் அதிகபட்சம் வாங்கலாம், ஆக 226.10 யூரோவைக் கையிலிருந்து கட்டினேன். நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் தேவைப்படும் சட்டமே பட்டியலுக்கு வெளியே இருக்கிறது என்பது இன்னமும் உறுத்துகிறது. விவாகரத்து, பாகப்பிரிவினை போன்றவற்றுக்கும் பெரும்பாலும் ஓர் ஆலோசனைக்கான செலவோடு சரி. வீடு கட்டுவது, கட்டுவதற்கு மனை வாங்குவது எல்லாம் முழுக்க வெளியே.

மதுரைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, சென்னையில் ஓஎம்ஆரில் தான் பணம் கட்டிய ஃபிளாட்டை பில்டர் இரண்டு வருடமாகத் தரவில்லை, இந்தப் பாலிசியில் வழக்குப் போடலாமா என்று கேட்டார். எங்கள் பாலிசிகள் செல்லும் எல்லை ஐரோப்பாவும் மத்தியதரைக் கடலோர நாடுகளும்தான். அதற்கு வெளியே குறைந்த நாள் பயணத்தில் நடப்பதற்கு மட்டும், அதுவும் ஒரு தொகை வரை. கட்டட விவகாரம் எந்த நாட்டில் நடந்தாலும் விலக்கு. அவருக்கு வழி தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்தான். 2016-ம் வருடச் சட்டத்தின் 18-வது பிரிவில், தாமதத்துக்கு வட்டியும், விலகினால் பணத்தைத் திரும்பவும் கேட்கலாம்.

இப்போது புது பாலிசியில் வீட்டுப் பெட்டியையும் சேர்த்திருக்கிறேன். பழைய கம்பெனியில் முதலில் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கவில்லை. ஒன்று முடியும் நாளுக்கு மறுநாள் அடுத்தது தொடங்கும்படி எடுத்தேன். இடையில் ஒரு நாள்கூட விடாமல் அதே பெட்டிகளோடு மாறினால் காத்திருப்புக் காலம் வேண்டாம் என்று புதுக் கம்பெனி எழுத்தில் தந்தது. வீட்டுப் பெட்டி புதிது என்பதால் அதற்கு மட்டும் மூன்று மாதம் காத்திருந்தேன். சின்னச் சின்ன விஷயத்துக்கு அதை எடுப்பதில்லை. 12 மாதத்துக்குள் இரண்டு சம்பவத்துக்குப் பணம் வாங்கினால் கம்பெனியே பாலிசியை ரத்து செய்யலாம். அப்படி ரத்தானவர்களை அடுத்த கம்பெனி லேசில் சேர்ப்பதில்லை. வேகமாகப் போனதற்கு வரும் அபராதத்தை எதிர்த்து வாதாடக் காசு தருவார்கள், அபராதத்தைக் கட்ட மாட்டார்கள். பார்க்கிங் அபராதத்துக்கு அதுவும் கிடையாது.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். “அக்கா, கடிதம் குடுத்துட்டாங்க. இன்சூரன்ஸ் இருக்கு, நாளைக்குக் கூப்பிட்டுப் பேசிக்கிறேன்” என்றார். கடிதம் எந்தத் தேதி கைக்கு வந்தது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று அவருக்குத் தெரியவில்லை, ஊருக்குப் போயிருந்தாராம். பாலிசி எந்த மாதம் தொடங்கியது, அதற்கு முன்னால் எச்சரிக்கைக் கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“இருங்க அக்கா,” என்றார், “ஒண்ணு இருக்கு. தேதி பார்க்கிறேன்.”